ஒன்பதாவது தலைப்பு

அந்தச் சின்ன டேப்லெட்டைத் தொடைக்கு அடியில் செருகி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள் சாந்தா. எதிரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவர் துரைராஜ் கிடந்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பெனி மேனேஜர் வெங்கடகிருஷ்ணன். துக்கம் விசாரிக்க வந்தவர்தான். வந்த ஐந்தாவது நிமிடமே டேப்லெட்டைக் கேட்டுவிட்டார்.

"கம்பெனிப் பொருள்மா. ஃபார்மாலிட்டிதான், தப்பா எடுத்துக்காதீங்க."

ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலையில் மெஷின் ரீடிங் குறிப்பதற்காகத் துரைராஜுக்குக் கொடுத்த கையகல டேப்லெட் அது. அதில்தான் மனிதர் ஆறு மாதமாக அதே கம்பெனிக்கு எதிரான வாக்குமூலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். காற்றே நுழையாத மூன்றாம் ஷெட்டில் நெஞ்சு கெட்டுப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பு. அதன் கீழே தேதி, சாட்சி. சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து, விரலால் ஒன்றை மேலே இழுப்பார், ஒன்றைக் கீழே தள்ளுவார்.

"அவங்க பொருள்லயே அவங்க மேல புகாரா? புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று சாந்தா திட்டாத நாளில்லை.

"தமிழ்லதானே எழுதுறேன். அங்க எல்லாம் தெலுங்குக்காரங்க, எவனுக்குப் படிக்கத் தெரியும்?" என்பார்.

போன மாதம் சென்னையிலிருந்து வெங்கடகிருஷ்ணன் மாற்றலாகி வந்த பிறகாவது ஒரு நோட்டுக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. அவ்வளவு நம்பிக்கை, அல்லது அவ்வளவு சோம்பல்.

தொழிலாளர் துறை விசாரணை அதிகாரிக்கு அந்த வாக்குமூலம் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தமிழிலேயே கொடுக்கலாம், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"இச்செய்மா. கொடவ ஒத்து" என்று மகன் ஹர்ஷா அவள் காதில் தெலுங்கில் கெஞ்சினான். கொடுத்துத் தொலை, சண்டை வேண்டாம் என்கிறான். தமிழ் எழுத்து அவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அப்பா என்ன எழுதினார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சாந்தா டேப்லெட்டை வெளியே எடுத்தாள். "போன எடு. நான் தள்ளிக்கிட்டே வர்றேன், நீ போட்டோ புடிச்சிக்கிட்டே வா."

வெங்கடகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "என்னம்மா இது? அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்."

"நக்கோ சார், வேணாம். கிட்ட வராதீங்க. பொணம் கிடக்கிற வீடு இது."

முதல் தலைப்பு ராமச்சந்திரன். இருமலில் ரத்தம் வந்த தேதி, முகமூடி கேட்டு மூன்று முறை எழுதிக்கொடுத்த தேதிகள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று எட்டுப் பேர். ஒன்பதாவது தலைப்பு, 'நான்'. அதன் கீழே ஒன்றுமில்லை.

சாந்தாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் அவர் மேல். ஊரார் இருமலுக்கெல்லாம் தேதி போட்ட மனிதருக்குத் தன் நெஞ்சைப் பற்றி ஒரு வரி எழுத நேரமில்லையா?

அவளே எழுதினாள். 'பதினெட்டு வருடம் மூன்றாம் ஷெட். இன்று காலை ஆறேகாலுக்கு இறந்தார். வயது ஐம்பத்திரண்டு.'

பிறகு அந்தத் தலைப்பை விரலால் அழுத்திப் பிடித்து மேலே இழுத்தாள். பாதி வழியில் நழுவித் திரும்ப அடிக்கே போய்விட்டது. மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை ராமச்சந்திரனுக்கு மேலே போய் நின்றது. மற்றவர்கள் எல்லாரும் தாமாகவே ஒரு எண் கீழே இறங்கிக்கொண்டார்கள்.

"இதையும் புடி."

ஹர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் பிடித்தான். எல்லாவற்றையும் அதிகாரியின் மெயிலுக்கு அனுப்பினான்.

"போயிடுச்சும்மா" என்றான், தமிழில்.

தூக்குகிறவர்கள் உள்ளே வந்து துரைராஜைப் பாடையில் ஏற்றினார்கள். சாந்தா எழுந்துபோய் டேப்லெட்டை வெங்கடகிருஷ்ணனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார், உங்க பொருள். உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. மேல இருந்து படிங்க."

வாங்கிக்கொண்டு அவர் வாசல் வரை போனார். போகிற போக்கில் திரையைப் பார்த்தவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் துரைராஜைத் தோளில் சுமந்தபடி நான்கு பேர், அவர் வழிவிடட்டும் என்று காத்திருந்தார்கள்.