காதுக்காரரின் கண்ணாடி அறைகள்

“சார், நில்லுங்க! லாரி!”

ஆவணப்பட இயக்குநர் ஓடினாள். பெரியவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த லாரியின் ஹாரன் தெருவையே கிழித்தது. அவரோ சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார். சட்டையிலிருந்து மைக் வயர் வால் மாதிரி தொங்கியது.

சற்று முன்புவரை கடைக்குள் கேமரா முன்னால் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று விளக்கு அணைந்தது. இருட்டிலேயே அவள் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

முப்பத்தொரு இசைத்தட்டுக் கடைகள் வைத்திருந்தவர். எது விற்கும் என்று அவர் சொன்னால் அது விற்கும். அதனால் ஊருக்கெல்லாம் ‘காதுக்காரர்’. பிறகு ஒவ்வொரு ஷட்டராக இறங்கி, இந்த முதல் கடை மட்டும் மிஞ்சியது. அதுவும் காலி.

அந்தக் கதைதான் அவளுடைய ஆவணப்படம். நாளைக் காலை சேனலுக்குக் கொடுத்தாக வேண்டும். முடிவில் இப்போதைக்கு அவருடைய மச்சானின் பேச்சுதான் இருந்தது.

“வாங்கறதுக்கு முன்னாடி பாட்டுக் கேட்டுப் பாக்க ஒவ்வொரு கடையிலயும் ஒரு கண்ணாடி அறை. கடையில பாதி இடம் அதுக்கே போச்சு. எடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். பிடிவாதம்! அதுலதான் மொத்தமும் முழுகிச்சு.”

இப்படியே ஒளிபரப்பானால் ஊர் அவரை முட்டாளாக்கிவிடும். அவளுக்கு அவருடைய வாயால் ஒரு பதில் வேண்டும். எடிட்டிங் அறை நாற்காலியிலேயே தூங்கித் தூங்கி முதுகு விட்டுப்போயிருந்தது.

கேமராமேன் மூச்சிரைக்க வந்து ஏதோ கேட்டான்.

“இந்த மீசைக்காரன வாயத் தொறக்க வேணாம்னு சொல்லும்மா. புதருக்குள்ள எலி ஓடுற மாதிரி இருக்கு” என்றார் பெரியவர்.

“மீசைய எடுத்தா என் வீட்டுக்காரி என்னை உள்ளயே விடமாட்டா மேடம்” என்று முனகிக்கொண்டே அவன் கேமராவைத் தோளில் ஏற்றினான்.

பெரியவர் அவளை வெயில் முகத்தில் படும்படி நிறுத்திவிட்டு, கடைப்படியில் அலுப்போடு உட்கார்ந்தார். “இப்பக் கேளு. மெதுவா.”

“மச்சான் அத்தனை தடவை சொல்லியும் அந்த அறைய ஏன் சார் எடுக்கல?”

“எடுத்தா, கவுண்டர்ல ஹெட்போன மாட்டிக்கிட்டு முதுகக் காட்டிட்டு நிப்பாங்க. எனக்கு முகம் வேணும்மா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருப்பேன். பாட்டு ஓடும்போது ஒருத்தன் கையில இருக்கற பையக் கீழ வச்சான்னா, அந்தத் தட்ட எல்லாக் கடைக்கும் அள்ளிப் போடச் சொல்வேன். கடிகாரத்தப் பாத்தான்னா வேணாம். தப்பினதே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாரும் போன்லயே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அறை காலி. பாக்கறதுக்கு முகமே இல்ல. கண்ணக் கட்டிவிட்ட மாதிரி சரக்கெடுத்தேன். எடுத்ததெல்லாம் அப்படியே கிடந்துச்சு.”

“அடுத்தவங்க முகம் எதுக்கு சார்? நீங்களே போட்டுக் கேட்டிருக்கலாமே? உங்க பேரே காதுக்காரர்தானே?”

இயக்குநருக்குப் பின்னால் வந்து நின்ற பெரியவரின் மகள், வேண்டாம் என்று கையசைத்தாள்.

“விடும்மா. நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு” என்றார் மகளிடம். பிறகு இயக்குநரின் முகத்துக்கு மறுபடி பார்வையைக் கொண்டுவந்தார்.

“நாலாவது கடை திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. இவ்வளவு நேரமும் உன் உதட்டப் பாத்துத்தான் பேசிட்டிருக்கேன்.”