பேர் இல்லாத தூக்குப்போசி

என் வீட்டுக்காரர் வின்ஸ்டனுக்குக் கூட்டம் என்றால் பைத்தியம். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் சர்ச் ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு 'குறைவாக வாழ்வோம்' என்று ஒரு கூட்டம் நடக்கும். பழைய சேலையில் பை தைப்பது, குப்பையை உரமாக்குவது, கண்டதையும் கடையில் வாங்காமல் இருப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவில் ஒரு மேசை போடுவார்கள். நமக்கு வேண்டாததை அதில் வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அங்கேதான் என் குடி கெட்டது.

இந்த மனுசன் ஒன்றை வைத்துவிட்டு மூன்றை எடுத்து வருவார். பாடாத ரேடியோ, கைப்பிடி இல்லாத குடை, கால் உடைந்த முக்காலி. கேட்டால், "சும்மாதானே குடுத்தாங்க விமலா" என்பார். குறைவாக வாழ்கிற லட்சணத்தில் என் வீட்டில் காலை நீட்டிப் படுக்க இடமில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிறு, மத்தியான பஸ்ஸுக்கு ஆனைமலையிலிருந்து அம்மா வருவதாக இருந்தது. காலையில் கழுவி வைக்கலாம் என்று தேடினால் தூக்குப்போசியைக் காணோம். தூக்குவாளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.

"அதைப் போன மாசமே மேசையில வெச்சுட்டேனே," என்றார் இவர். "சும்மாதானே கெடந்துச்சு?"

அது சும்மா கிடந்த போசியா? நான் வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவளாகி, இவரைக் கட்டிக்கொண்டபோது அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு வருசம் கழித்து ஒருநாள் வந்தாள், கையில் இந்த எவர்சில்வர் போசியோடு. மூடியில் 'பழனியாத்தாள் அன்பளிப்பு' என்று வெட்டியிருந்தது. தேதி இல்லை. வராத நாளின் தேதியை எப்படி வெட்டுவது? அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வருகிறபோதெல்லாம் போசியைக் கேட்டு வாங்கி, அந்த எழுத்தை விரலால் தடவிவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். இவரிடம் மட்டும் அன்றுவரை நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவுங்க சாப்டாச்சா அம்மணி?" என்று என்னிடம்தான் கேட்பாள்.

நல்லவேளை, அன்றைக்கும் கூட்ட நாள். இவரையும் இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். கூட்டத்தை நடத்துகிற கிளாடிஸ் டீச்சர் என்னைத் தடுத்தார்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க விமலா. பொருள் மேல பற்று வெக்காதீங்க."

"பற்றாவது புண்ணாக்காவது! எங்கம்மா போசிங்க டீச்சர். மூடியில பேர் வெட்டியிருக்கும்."

"பேருங்களா?" டீச்சரின் முகம் மலர்ந்தது. "எல்லாப் பேரையும் எடுத்தாச்சுங்களே! போன மாசம் ஒருத்தர், அவர் சீர் வெச்ச தட்டையே இந்த மேசையில பாத்துட்டு ஒரே சண்டை. அதனால பாத்திரத்தையெல்லாம் பட்டறையில குடுத்து பாலீஷ் போட்டு இன்னைக்குத்தான் வெச்சிருக்கோம். உங்க வீட்டுக்காரர் சொன்ன யோசனைதானுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். யோசனை சொன்ன மகராசன் சுவரில் மாட்டியிருந்த சேலைப் பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் போசிகள் கடையில் இருப்பதுபோலப் பளபளவென்று நின்றன. அடியில் இருந்த நசுங்கலை வைத்து எங்களுடையதைக் கண்டுபிடித்தேன். மூடியில் என் முகம்தான் தெரிந்தது. டீச்சர் என்ன சொன்னாரோ, காதில் வாங்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா வந்தாள், முகம் கழுவினாள், போசியைக் கேட்டாள். விரல் மூடியில் ஒரு சுற்று வந்தது. மறுபடி ஒரு சுற்று வந்தது.

"பேரு எங்க கண்ணு?"

"உங்க மாப்பிள்ளையக் கேளுங்க. அழிக்கச் சொன்னதே அவருதான்," என்றேன். ஏன் மறைக்க வேண்டும்?

"அத்தை, அது வந்துங்க..." என்று தலையைச் சொறிந்தார் இவர். மேடையில் அரை மணி நேரம் பேசுகிற வாய்!

அம்மா போசியை மெதுவாகக் கீழே வைத்தாள். "செரி, உடு அம்மணி. கண்ணாலத்துக்கே வராதவ பேரு எதுக்கு?"

நான் போசியைக் கையில் எடுத்தேன். "எங்க உடறது? எந்திரிங்க ரெண்டு பேரும்!"

கடைத்தெருவில் பேர் வெட்டுகிற கையூம் பாய் கடை திறந்திருந்தது. போசியை அவர் முன்னால் வைத்தேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தும் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி ஏதாச்சும் போடணுங்களாம்மா?" என்றார் பாய்.

அம்மா என்னைப் பார்க்காமல், நேராக இவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏனுங்க மாப்ளே, உங்க கண்ணாலத் தேதி என்னங்க?"

இத்தனை வருசத்தில் அவள் இவரிடம் கேட்ட முதல் கேள்வி. இந்த மனுசனுக்கோ ரேஷன் கார்டை வைத்த இடம்கூட ஞாபகம் இருக்காது. போச்சு, மானம் போகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எம்பத்தஞ்சு, மே பதினாலுங்க அத்தை," என்றார் உடனே. "அன்னைக்கு இவ கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டு நின்னாளுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையூம் பாய் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். எனக்கு வந்ததே ஆத்திரம், கூடவே கண்ணீரும் வந்து தொலைத்தது.

"என்னங்க பாய் பாத்துட்டு இருக்கீங்க? தேதிய வெட்டுங்க," என்றேன். "ஆழமா வெட்டுங்க. எந்தப் பட்டறையில குடுத்தாலும் போகக் கூடாது."