ஏழாம் சரணம்

இடியண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை. பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அவர் கீழ்ச்சுருதியைப் பிடித்தால் ஆலயத்து ஜன்னல் கண்ணாடி அதிரும். அதனால் இடி. பிழைப்புக்கு வெல்டிங். கேட், கிரில், தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகை என்று அந்த வட்டாரத்தில் நிற்கிற இரும்பில் பாதி அவர் கைபட்டது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முகமூடியை இறக்கிவிட்டால் பாட்டு வந்துவிடும். ஒரு ஜாயின்டுக்கு ஒரு சரணம். ஜாயின்ட் முடிகிற வரை அதே சரணம்தான், திரும்பத் திரும்ப. அதன் தாளத்துக்கு மணிக்கட்டு ஆடும், அந்த ஆட்டத்துக்கு வெல்டிங் பற்று சீராக விழும். இதையெல்லாம் பக்தி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பக்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நேரத்துக்குப் போய் நிற்பது. வியாழக்கிழமைப் பாட்டுப் பயிற்சியும் அதில் சேர்த்தி. வேலை என்பது அங்கே போவதற்காகப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய சமாசாரம். வினை அந்தப் பாதியில்தான் இருந்தது.

ஆலயத்தின் வாசல் பக்கச் சுவரில், தலைக்கு மேலே, பாடகர் குழு நிற்பதற்கு ஒரு மாடம் கட்டினார்கள். சுவருக்குள் எட்டு இரும்புத் தகடுகள். தகட்டுக்கு ஒன்றாக எட்டு இரும்புக் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கைகளின்மேல் பலகைத் தளம், தளத்தில் நாற்பது பேர். அந்தக் கைகளைத் தகட்டோடு பற்றவைக்கும் வேலை இடியண்ணனுடையது. பிரதிஷ்டை ஜெபம் முடியும் வரை மாடத்தில் யாரும் ஏறக் கூடாது என்று போதகர் சொல்லியிருந்தார்.

பிரதிஷ்டைக்கென்று புதிதாக ஒரு பாட்டும் தயாரானது. எழுதியவர் பாடகர் குழுத் தலைவர், தையற்காரர், இடியண்ணனின் மனைவிக்கு அண்ணன். எட்டுச் சரணம். எட்டுக் கைக்கு எட்டு என்று கணக்குப் பார்த்து அவர் எழுதவில்லை. மனுஷனுக்கு எதையும் சுருக்கமாக முடிக்கத் தெரியாது, அவ்வளவுதான். பயிற்சியில் முதல் நான்கு சரணங்களையே போட்டுத் தேய்த்துவிட்டு, மீதியை வீட்டில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று காகிதம் கொடுத்தார். இடியண்ணன் மனப்பாடம் செய்த இடம் முகமூடிக்குள், வரிசையாகக் கைக்கு ஒரு சரணம்.

நாளை பிரதிஷ்டை, பேராயர் வருகிறார் என்ற சனிக்கிழமை மாலை, மாடத்துக்குக் கீழே தரையில் நின்று முழுப் பாட்டையும் முதல்முறையாகப் பாடிப் பார்த்தார்கள். ஆறு சரணம் தேர் போல ஓடியது. ஏழாவதில் இடியண்ணனின் வாய் திறந்தது, சொல் வரவில்லை.

மச்சான் குச்சியால் மேசையைத் தட்டினார். "இடி எங்கப்பா போச்சு? மழையோட போயிடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். ஆறாவது வந்தது, எட்டாவதும் வந்தது. நடுவில் மட்டும் வெறும் காற்று. முதல் வரிசையிலிருந்து மனைவி திரும்பி, "வயசாகுதுங்க உங்களுக்கு" என்றாள்.

இடியண்ணன் சிரிக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு சரணத்துக்கும் தொடைப் பக்கம் தானாக ஆடிக்கொண்டிருந்த மணிக்கட்டு ஏழாவதில் செத்துக் கிடந்தது. மனப்பாடம் ஆகவில்லையென்றால் பாடவில்லை. பாடவில்லையென்றால் பற்றவைக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை இப்போது முழுசாக நினைவுக்கு வந்தது. ஏழாவது கையை நிறுத்தி, நகராமல் இருக்க மூன்று இடத்தில் மட்டும் பொட்டுப் போலப் பற்றவைத்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. "மச்சான், கீழ்ச்சுருதி இல்லாம பாட்டு மிதக்குது. ஓடி வா." நாளைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று மெஷினை அணைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை, பிறந்ததிலிருந்து நேரத்துக்கு வந்தறியாத பெயிண்டர் அன்றைக்கென்று விடியுமுன் வந்து, ஏழு கைக்கும் சிவப்பு அடித்துவிட்டிருந்தார். சிவப்பு அடித்தால் எல்லா இரும்பும் யோக்கியம்தான். இடியண்ணன் நேராக எட்டாவது கைக்குப் போனார். அடுத்த வாரம் கீழே அலங்காரப் பலகை வந்து எல்லாவற்றையும் மூடியது.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். பலகையின் திருகைக் கழற்றி, டார்ச் அடித்து, சுத்தியல் முனையால் சிவப்பைச் சுரண்டினார். மூன்று பொட்டு. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அந்தக் கைக்கு நேர் மேலே, முதல் வரிசையில், நாளைக்கு நிற்கப் போவது அவர் மனைவி. பக்கத்தில் மகள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ உயரத்தில் நின்றவர், அன்றுதான் உயரத்துக்குப் பயந்தார்.

"என்ன மச்சான், மேல எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றார் கீழே நின்ற தையற்காரர்.

"எலி செத்திருந்தா தேவலை."

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். மச்சான் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. எல்லாரும் கிளம்பட்டும். இன்னைக்கே வச்சு, பலகையை மூடிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"வச்சுடலாம். ஆனா ஒன்னை மறந்தவன், மத்த ஏழும் சுத்தமா இருக்குன்னு சொன்னா யாரு நம்புவா? நானே நம்பலை. பாரம் ஏத்திப் பார்க்கணும். பாரம் ஏத்த ஆள் வேணும். ஆள் வேணும்னா நான் வாயைத் திறக்கணும்."

"வாயைத் திறந்தா உன் பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைக்கு ஒரு கேட்டுக்குக்கூட உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

இடியண்ணன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துப் பேர். அதை ஒரு திருகாணியில் காப்பாற்றிவிடலாம், நாலு சுற்றுச் சுற்றினால் போதும். கையில் திருப்புளியும் இருந்தது.

மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "மூனு வாரமா அதுக்கு அடியிலதான் நான் தரை துடைச்சேன்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க, பாஸ்டர்கிட்ட போவோம். திட்டறதை வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்."

போதகர் தன் அறையில் மறுநாள் ஆராதனைக்கான அச்சிட்ட தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிறவரை கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். பற்றவைக்க எவ்வளவு நேரம் என்றார். முக்கால் மணி. பாரம் ஏற்றிப் பார்க்க? இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அவர் ஒரு தாளை எடுத்து இடியண்ணனிடம் நீட்டினார்.

"முதல்ல என்ன போட்டிருக்கு, படிங்க."

"பாவ அறிக்கை, பாஸ்டர்."

"அப்புறம்?"

"பாட்டு. அப்புறம் காணிக்கை, பிரதிஷ்டை."

"எல்லாம் வரிசையாத்தான் இருக்கு. பாட்டு நேரத்துல பத்தவைங்க, காணிக்கைக்குச் சபையே பாரம் ஏத்தட்டும். மாத்தி அச்சடிக்க வேண்டியதில்லை. நாளைக்கு வெள்ளைச் சட்டை வேணாம், வேலைச் சட்டையில வாங்க."

"பேராயர் ஐயா வராரே."

"வரட்டும். அவருக்கும் ரெண்டு கை இருக்கு."

இருட்டுவதற்குள் ஏழாவது கைக்கு மேலிருந்த தளப்பலகைகளைக் கழற்றி, அடிப்பலகை முழுவதையும் இறக்கி, கிரைண்டரால் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெளுக்க வைத்தார். எட்டுக் கைக்கும் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு இரும்பு முட்டு நிறுத்தினார். ஒருவேளை கை முறிந்தால் முட்டு பிடித்துக்கொள்ளும். அன்று வீட்டில் மனைவி திட்டவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

ஞாயிறு காலை ஆலயம் நிரம்பி வழிந்தது. நானூறு பேருக்கு முன்னால், தீப்பொறி பட்டு ஓட்டை ஓட்டையான நீலச் சட்டையும் தோல் ஏப்ரனுமாக இடியண்ணன் போய் நின்றார். ஜன்னலை அதிரவைக்கும் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. போதகர், "சத்தமா" என்றார்.

"பாட்டுப் பயிற்சிக்கு நேரமாச்சுன்னு ஏழாவது கையை அரைகுறையா விட்டுட்டுப் போனேன். மறுநாள் சிவப்பைப் பார்த்து முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நேத்துதான் தெரிஞ்சது. உங்க புள்ளைங்க நிக்கப்போற இடம். என்னை மன்னிச்சுடுங்க."

பேராயர் முன்னாடியா இந்தக் கூத்து என்று ஒரு மூப்பர் பக்கத்தில் இருந்தவரிடம் பல்லைக் கடித்தார். அப்போது நடுவரிசையில் ஓர் ஆள் எழுந்தார். பெயிண்டர். "சிவப்பு அடிச்சது நான். வெல்டு இருக்கா இல்லையான்னு பார்க்காம அடிச்சேன். என் பேரையும் சேர்த்துக்கங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள், சபையின் மூச்சு வெளியே வந்தது. போதகர் மன்னிப்பின் வார்த்தையைச் சொன்னார். எத்தனையோ ஞாயிறு கேட்ட வார்த்தைதான். இடியண்ணனுக்கு அன்றுதான் அது தன் பெயருக்கு வந்த கடிதம் போல இருந்தது.

இடியண்ணன் சாரத்தில் ஏறி, தீப்பொறி சிதறாமல் ஈரச் சாக்குகளைச் சுற்றிலும் தொங்கவிட்டார். "யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. கண்ணு போயிடும். தலையைக் குனிஞ்சு கண்ணை இறுக்க மூடிக்கங்க" என்றார். அந்தச் சபை ஒரே நேரத்தில் மொத்தமாகக் கண்ணை மூடித் தலைகுனிந்தது அதன் சரித்திரத்தில் அதுவே முதல்முறை. பேராயரும் குனிந்தார்.

முகமூடி இறங்கியது. கீழே மச்சான் கையை அசைக்க, பாடகர் குழு ஏழாம் சரணத்தை மட்டும் எடுத்தது.

தாங்கும் கரமே, தளராக் கரமே,
தவறிய என்னைத் தூக்கிய கரமே.

அடிப்பற்று ஒரு சுற்று. கசடு தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த சுற்று. அதன்மேல் இன்னொன்று. அவர் முடிக்கிற வரை அவர்களும் முடிக்கவில்லை. முகமூடிக்குள் இடியண்ணன் பாடினார், அழுதார், மணிக்கட்டு மட்டும் தாளம் தப்பவில்லை. இரும்பு வேலையும் பாட்டும் இரண்டு எஜமான்கள் என்று இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோமே, ஒரே ஆளிடம்தானே இரண்டு கூலியும் என்று அவருக்கு அங்கே புரிந்தது.

பிறகு காணிக்கை. கட்டட வேலையில் மிஞ்சிய மணல் முற்றத்தில் மலையாகக் கிடந்தது. காலி சிமென்ட் பைகளில் அள்ளிப் போட்டார்கள்; மச்சான் கோணி ஊசியால் வாய் தைத்தார். அவர் வாழ்நாளில் அளவு எடுக்காமல் தைத்தது அந்த இருநூறு மூட்டைகள்தான். கழற்றிய தளப்பலகைகளை மறுபடி பூட்டிய பிறகு, முற்றத்திலிருந்து வாசல் வழியாக மாடிப்படி வரை ஆட்கள் சங்கிலியாக நின்று கை மாற்றினார்கள். பேராயர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கடித்த மூப்பருக்குப் பக்கத்தில் நின்றார். மூப்பர் வேறு வழியில்லாமல் மூட்டையை வாங்கினார். பத்தாவது மூட்டைக்குப் பிறகு அவரே பாடவும் ஆரம்பித்துவிட்டார்.

"மாடத்துல நான் மட்டும்தான் நிப்பேன்" என்று இடியண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். மூட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி அவரே அடுக்கினார். படியின் கடைசியில் நின்று அவருக்கு எடுத்துக் கொடுத்தது மனைவி. இறங்கு என்று இரண்டு தரம் சொன்னார். "மூட்டையைப் பிடிங்க" என்றாள்.

நாற்பது பேரின் எடையில் ஒன்றரைப் பங்கு ஏறியது. கைகளின் நுனிக்கு நேராகச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய நூலுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, கை எவ்வளவு இறங்கியது என்று கீழேயிருந்து மச்சான் ஒவ்வொன்றாகப் படித்தார். "ஏழாவது, மூனு மில்லி. அதிகமா இறங்கினதே மூனுதான்." அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மூன்று மூன்றாகவே நின்றது. முட்டுகள் ஒன்றைக்கூட எந்தக் கையும் தொடவில்லை. பிறகு ஏற்றிய மூட்டை எல்லாம் அதே சங்கிலியில் திரும்பி இறங்கின. மச்சான் மறுபடி எட்டையும் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"எட்டும் பழைய இடத்துக்கே வந்துடுச்சு" என்றார். ஊருக்கெல்லாம் சுருதி சொல்லிக்கொடுக்கிறவரின் குரல் உடைந்துபோயிருந்தது.

ஆலயம் எழுந்து நின்று கைதட்டியது. மணி இரண்டு. ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. பேராயர் மணல் படிந்த கையால் பிரசங்கக் காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். பதினெட்டுப் பக்கம். அதற்காகவே சிலர் இடியண்ணனை மனதார மன்னித்தார்கள்.

பிரதிஷ்டை ஜெபம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. நாற்பது பேரும் வியர்வையும் மணலுமாக மாடத்தில் ஏறினார்கள். இடியண்ணன் கடைசி வரிசைக்குப் போகவில்லை. முதல் வரிசையில், ஏழாவது கைக்கு நேர் மேலே போய் நின்றார்.

"உன் இடம் பின்னாடி, மச்சான்" என்றார் தையற்காரர்.

"இன்னைக்கு இதுதான்."

மனைவி நகர்ந்து இடம் விட்டாள். மகள் அவர் ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. ஆறு சரணம் ஓடி முடிந்து, ஏழாவது வந்தது. தொடைப் பக்கம் தொங்கிய வலது மணிக்கட்டு தானாக ஆடியது. இடியண்ணன் வாயைத் திறந்தார். ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது, மாடம் அசையவில்லை.