சோளரொட்டிக்குச் சர்க்கரை, அட்டைக்குச் சிப்

1

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை காலை, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், முத்தஹரின் மளிகைக் கடை அட்டை இயந்திரத்தின் சிப் துளையிலிருந்து, மடித்துச் செருகியிருந்த காகித அட்டைத் துண்டு ஒன்று எடுக்கப்பட்டது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்போதுதான். பால் வாங்கப் போயிருந்தேன். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஏதாவது கிறுக்கியிருக்கும், அங்கிருந்து தொடங்கிவிடலாம் என்று ஆசை. பிஸ்கட் டப்பாவில் வெட்டியது. 'உப்பு குறைவு' என்ற அச்சில் பாதி தெரிந்தது. இதை ஒரு குறியீடாக்க இரண்டு நாள் முயன்றேன். உப்பு ஒத்துழைக்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பசி என்பது

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். இந்தக் கதையின் மிஸ் வெர்லீன் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவர். பசியைப் பற்றி யாராவது பெரிய வாக்கியம் பேசினால், "தட்டை எடுத்துட்டு வா" என்பார்.)

இரண்டாவது தொடக்கம், தகவல் மட்டும். கடை இயந்திரத்தின் பழைய மென்பொருளுக்குச் சிப் படிக்கத் தெரியாது. செருகிவிட்டு விழிப்பவர்களைத் தடுக்கத்தான் துளையை அடைத்தார்கள். அரசின் உணவு உதவி அட்டையில் அப்போது சிப் கிடையாது, எல்லோரும் தேய்த்தார்கள். தேய்க்கும் இயந்திரத்தின்மேல் திருடன் ஒரு போலி மூடியை ஒட்டிவைத்தால் போதும், அட்டை நகலாகிவிடும்; சிப்பை அப்படி நகலெடுக்க முடியாது. மே மாதம் மிஸ் வெர்லீனுடைய உதவித்தொகை முழுவதையும் வேறு ஊரில் யாரோ செலவழித்தார்கள். அது திரும்பக் கிடைக்கவில்லை. எங்கே நகலெடுத்தார்கள் என்று தெரியாது. அவர் வழக்கமாகத் தேய்க்கும் கடைகளில் இதுவும் ஒன்று.

அதன்பின் அவர் இங்கே வரவில்லை. ஒருநாள் வாசலில் நின்றபடி சொன்னார்: "அந்த ஓட்டையைத் திற, அன்னிக்கு வர்றேன்."

3

நான் எழுதிய முத்தஹர் மேல் எனக்கே சந்தேகம். ஏமனிலிருந்து வந்து இருபது வருடமாக இதே கல்லாவில் நிற்பவன். என் முதல் வரைவில் ஏழைகளுக்காக உருகினான். அவனிடமே படித்துக் காட்டினேன்.

"யாருய்யா இந்த ஆளு? எனக்கே பார்க்கணும்போல இருக்கு."

"நீதான்."

"நானா? அவங்க வரலேன்னா எனக்கு வியாபாரம் போகுது, அதை எழுது. அவங்க சத்தம் இல்லாம கடை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். அவன் செய்த வேலைகளையும் சேர்க்கிறேன்: இயந்திர நிறுவனத்தோடு தொலைபேசியில் மன்றாடினான், புது மென்பொருளை ஏற்றினான், அது பாதியில் நிற்க, மறுபடி ஏற்றினான், துளையின் தூசியைத் துடைத்தான். எல்லாம் சரியா என்று கேட்டதற்கு நிறுவனத்துப் பெண் சொன்னாளாம்: "முதல் ஆள் செருகினாத்தான் சார் தெரியும்."

4

முதல் ஆள் மிஸ் வெர்லீன். அரசு சிப் வைத்து அனுப்பிய புது உதவி அட்டை உள்ளங்கைக்குள். மகள் செவிலியர் தேர்வில் தேறிவிட்டாள்; மதியம் வீடு நிறைய விருந்தாளிகள். கூடையில் கெளுத்தி மீன், சோளமாவு, பீச் பழம்.

"என்ன ஹபீபி, ஒருவழியா வாயைத் திறந்தியா?"

"நானா, மெஷினா?"

"உன் வாய் என்னிக்கு மூடியிருந்துச்சு?"

அன்று கல்லாவில் இருந்த கடைப் பணியாளர் மரிசேலா சிரித்தாள். மிஸ் வெர்லீன் அட்டையைச் செருகினார். கைப்பையால் மறைத்து ரகசிய எண்ணை அழுத்தினார். திரையில் 'காத்திருக்கவும்'. வெடுக்கென்று அட்டையை உருவினார்.

பிழை.

"எடுக்கக்கூடாதுங்க மிஸ் வெர்லீன். அது சொல்ற வரைக்கும் உள்ளயே இருக்கணும்."

"தெரியும் கண்ணு."

மறுபடி செருகினார், எண், காத்திருக்கவும். மறுபடி உருவிவிட்டார். தன் கையையே முறைத்தார். மே மாதத்திலிருந்து அந்த விரல்கள் எந்த இயந்திரத்தையும் நம்பவில்லை.

மரிசேலா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா, தேய்க்கச் சொல்லிக் கேக்கும்."

"தேய்க்கிற பேச்சு பேசினா மீனை இங்கயே போட்டுட்டுப் போயிடுவேன்."

[இங்கே நான் 'கடையே மூச்சைப் பிடித்தது' என்று எழுதியிருந்தேன். பொய். எனக்குப் பின்னால் நின்றவர் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்.]

மூன்றாம் முறை. எண் அழுத்தியாயிற்று. விரல்கள் அட்டையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்போது முத்தஹர் சோளமாவுப் பையைத் தூக்கிப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்:

"சர்க்கரை எடுக்க மறந்துட்டீங்களே. சர்க்கரை போடாத சோளரொட்டி ஒரு ரொட்டியா?"

மிஸ் வெர்லீன் நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"எங்க வீட்ல போடுவோம்."

"சர்க்கரை போட்டா அதுக்குப் பேரு கேக்கு!" இரண்டு கைகளும் மேலே பறந்தன. "ஆர்கன்சாலேர்ந்து எங்கம்மா ஒரு இரும்புச் சட்டியைத் தூக்கிட்டு வந்தா. அந்தச் சட்டி சர்க்கரையைப் பார்த்ததே இல்ல. உனக்கு ரொட்டியைப் பத்தி என்ன தெரியும், பேரீச்சம்பழம் தின்னு வளந்தவனே!"

கைகள் இன்னும் கீழே வரவில்லை. அட்டை தனியே துளையில் நின்றது. இயந்திரம் பீப் என்றது. பிறகு, 'அட்டையை எடுங்கள்' என்று அலறத் தொடங்கியது. அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்: "இரு, பேசிட்டிருக்கேன்ல!"

சூயிங்கம்காரர் கைதட்டினார். அதன்பின்தான் மிஸ் வெர்லீன் திரையைப் பார்த்தார். 'ஏற்கப்பட்டது' என்றிருந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். அட்டையை மறந்துவிட்டுப் போகிறார், முத்தஹர் தெருவில் துரத்தி ஓடுகிறான்: சினிமாத்தனம். திருடன் பிடிபடுகிறான்: எனக்கும் ஆசைதான். மிஸ் வெர்லீன் சர்க்கரையை ஏற்றுக்கொள்கிறார்: இதைவிடத் திருடன் பிடிபடுவது எளிது.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். முத்தஹர் வேண்டுமென்றே சொன்னானா? கேட்டேன். "போட்டாத்தான்யா நல்லா இருக்கும்" என்றான். திட்டம் போட்டுத்தான் செய்தார் என்கிறாள் மரிசேலா. அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது என்கிறார் மிஸ் வெர்லீன். நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. வாசகரே, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை நடந்தபடி: இயந்திரம் மீன், மாவு, பழம் மூன்றையும் ஏற்றது. மிஸ் வெர்லீன் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சர்க்கரை வாங்கவில்லை. அடுத்து நான் பாலுக்குப் பணம் கொடுத்தேன்.