ஒன்பது மணிப் பரீட்சை

“அந்தச் சட்டை வேணாம்னு சொல்றேன்ல” என்று அக்கா ஹேங்கரோடு சேர்த்துப் பிடுங்கினாள். தம்பியின் மனைவி விடவில்லை. சாம்பல் கோடு போட்ட வெள்ளைச் சட்டை இரண்டு பேர் கைக்கும் நடுவில் விறைத்து நின்றது.

“இது அவருக்குப் பிடிச்சது அண்ணி.”

“முழங்கையில நூல் பிரிஞ்சு தொங்குது. நாலு பேர் பார்க்கப் போறாங்க. கதியில்லாதவனாட்டம் கிடக்கணுமா என் தம்பி?”

“கையை மடிச்சுதான் வைப்பாங்க. தெரியாது.”

அக்கா சட்டென்று கையை எடுத்தாள். மணி ஏழரை. இரண்டு மணிக்குத் தகனம். அவள் கணவர் அதற்கான காகிதங்களோடு விடிந்ததுமே மயானத்துக்குப் போய்விட்டார். தம்பிக்கு உடுத்தும் துணியை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதுதான் அக்காவின் வேலை. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

அது ஒரு வீட்டின் நிலவறை. சுவரின் உச்சியில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பும் சப்பாத்தும்தான் தெரியும். கட்டில், மேஜை, இரண்டு அடுப்பு. அலமாரியில் மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது. துண்டு, போர்வை, பனியன் எல்லாம் ஒரே அளவில், விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து அடுக்கியிருந்தது. ஊரில் நிலம் அளக்கும் சர்வேயராக இருந்த தம்பி, இந்த வெளிநாட்டுக்கு வந்து மூன்று வருடம், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய லாண்டரி ஒன்றில் துணி மடித்தான்.

செவ்வாய்க்கிழமை பகலில் இந்த அறையிலேயே மாரடைத்து விழுந்தான். முப்பத்தாறு வயது. கல்லூரியிலிருந்து நாலு மணிக்குத் திரும்பிய மனைவிதான் பார்த்திருக்கிறாள். அடுப்பில் எதுவும் இல்லை. பாதி நறுக்கிய வெங்காயம் பலகையில் இருந்ததாம்.

அக்கா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதுகுக்குப் பின்னால் ‘படிப்பாளி’. சரக்குப் போக்குவரத்து நிர்வாகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது அவளுக்குத்தான். படிக்க வந்தவளின் புருஷன் என்கிற வேலை பெர்மிட்டில் பின்னால் வந்தவன் தம்பி. “சரக்கு லாரியில ஏத்தறதுக்கு ஒரு பட்டமாடா?” என்று விருந்தில் பத்துப் பேர் நடுவில் அக்கா கேட்டபோது தம்பியும் சேர்ந்துதான் சிரித்தான். அதற்குப் பிறகு படிப்பாளி அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

சட்டையை மடித்துப் பையில் வைத்த படிப்பாளி, மேஜையிலிருந்து இரண்டு பேனாவையும் கல்லூரி அடையாள அட்டையையும் எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

“எங்க கிளம்பற?”

“காலேஜுக்கு. ஒன்பது மணிக்குப் பரீட்சை. பதினொண்ணுக்கு முடிஞ்சிடும். நேரா அங்க வந்துடறேன்.”

அக்கா திரும்பினாள். “என்ன சொன்ன?”

மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த அக்காவின் போனில் ஊரிலிருந்து அம்மா. மகனை வீடியோவிலாவது பார்க்க வேண்டுமென்று காலையிலிருந்தே இணைப்பில் இருந்தாள். இப்போது திரையில் அவள் நெற்றியும் கூரையும் மட்டும் தெரிந்தன.

“என்னடி சொல்றா அவ?”

“உன் மருமகளுக்குப் பரீட்சையாம்மா. எழுதப் போறாளாம்.”

“பாவி! என் புள்ள பொணமாக் கிடக்கான், இவ பேனாவைத் தூக்கிட்டுப் போறாளா!”

படிப்பாளி குனிந்தாள். சப்பாத்தின் கயிற்றைக் கட்டினாள். அந்த நிதானம்தான் அக்காவைக் கிளப்பியது.

“ஒண்ணு கேக்கறேன், அம்மா காதிலயும் விழட்டும். செவ்வாக்கிழமை, வேலை நாள். லாண்டரியில இருக்க வேண்டியவன் ஏன் வீட்ல இருந்தான்? உடம்பு முடியலைன்னு படுத்திருந்தானா? அப்படியே விட்டுட்டு நீ படிக்கப் போயிட்டியா?”

படிப்பாளி எழுந்து வந்து போனை எடுத்தாள். “அத்தை, அப்புறம் பேசறோம்” என்று இணைப்பைத் துண்டித்தாள். போனை அக்காவின் கையில் வைத்தாள்.

“அவருக்கு வேலை இல்லை அண்ணி. ரெண்டு மாசமா.”

அக்கா போனின் இருண்ட திரையைப் பார்த்தாள்.

“படிக்க வந்தவங்களோட புருஷன் பொண்டாட்டிக்கெல்லாம் பெர்மிட் குடுத்திட்டிருந்தாங்க. இப்ப சட்டத்தை மாத்திட்டாங்க. சில படிப்புக்கு மட்டும்தானாம். என்னோடது அந்த லிஸ்ட்ல இல்லை. அவரோட பெர்மிட் முடிஞ்சதும் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. மறுநாளே லாண்டரியில கார்டைத் திருப்பி வாங்கிட்டாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இது கடைசிப் பேப்பர். விட்டா அடுத்தது நாலு மாசம் கழிச்சு. என் விசா இந்த மாசத்தோட சரி. பாஸ் பண்ணினா எனக்கு வேலைக்கு அனுமதி வரும். எனக்கு வந்தா அவருக்கும் மறுபடி—”

அந்த இடத்தில் நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். 

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் அக்கா.

“யார்கிட்ட வேணா சொல்லு, அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னார். சத்தியம் வாங்கிக்கிட்டார். மூணு வருஷத்துல இந்த ரூமுக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க அண்ணி? நாப்பது நிமிஷ தூரம். இன்னிக்குத்தானே வழி தெரிஞ்சது?”

அக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டாள். 

தம்பிக்கு வேலை போனது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் அம்மா காதில் விழக் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் தம்பி போன் பண்ணினான். பெர்மிட் போன கதையைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்: “மாமா கம்பெனியில ராத்திரி ஷிப்ட்ல, கணக்குல வராம, ஏதாவது தூக்கற வேலை இருந்தாக்கூடப் போதும்கா.” அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருந்தது. “பொண்டாட்டி முந்தானையைப் புடிச்சிட்டு வந்தா இப்படித்தான்டா. மாமா பேரைக் கெடுத்துடாத. பேசாம ஊருக்குப் போய்ப் பழைய வேலையைப் பாரு.”  பிறகு, “சரிக்கா. நீ சாப்பிட்டியா?” என்றான். நேரமாகிறது என்று இவள்தான் வைத்தாள். வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

படிப்பாளியிடமும் அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. அக்காவிடம் கேட்டான் என்பதையும், அக்கா என்ன சொன்னாள் என்பதையும்.

படிப்பாளி கடிகாரத்தைப் பார்த்தாள். “பஸ் போயிருக்கும்” என்றாள் தனக்குத்தானே.

அக்கா கார் சாவியை எடுத்தாள். “ஏறு.”

“வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“ஏறுன்னு சொல்றேன்ல.”

காரில் படிப்பாளி, கேள்வி பதில் எழுதிய சின்னச் சின்ன அட்டைகளை மடியில் வைத்துப் புரட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. சிக்னலில் நின்றபோது அக்கா எட்டிப் பார்த்தாள். அளவுகோல் வைத்தது போன்ற நேரான எழுத்து. வரைபடத்தில் எல்லைக்கல்லுக்கு எண் போடுகிற சர்வேயர் கை.

“அவனா எழுதினான்?”

“ம். சமைச்சுக்கிட்டே கேள்வி கேப்பார். பதில் சரியா தப்பான்னு அவருக்குத் தெரியாது. என் மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிப்பார்.”

கார் கொஞ்ச தூரம் போனது. “கொடு, நான் கேக்கறேன்” என்று அக்கா கையை நீட்டினாள்.

“வேண்டாம்” என்றாள் படிப்பாளி. அட்டைகளை ஒன்றாகத் தட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லூரி வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தும்போது, “பதினொண்ணு பத்துக்கு வருவேன். நிக்கணும்னு இல்லை” என்றாள்.

அவள் படியேறி மறைகிறவரை அக்கா வண்டியை எடுக்கவில்லை. காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினான். இங்கே நிறுத்தக் கூடாது, யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டான்.

“உள்ள என்…” என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. கையால் கட்டிடத்தைக் காட்டினாள். அவன் தலையசைத்து, நகர்த்து என்று சைகை செய்தான்.

நிறுத்த எங்கும் இடமில்லை. வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு அதே வாசலுக்கு வந்தாள். மாடி ஜன்னல்களில் வரிசையாகக் குனிந்த தலைகள் தெரிந்தன. எது அவளுடையது என்று தெரியவில்லை. கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். அம்மா கூப்பிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி சுற்றினாள். வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேகம் தானாகக் குறைந்தது.

எத்தனையாவது சுற்றோ, காவலாளி நடைபாதை ஓரத்தில் வைத்திருந்த தடுப்புக் கூம்பைத் தூக்கி நகர்த்தி, ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டான். கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

அக்கா பார்த்தாள். நின்றால், யாருக்காக என்று மறுபடி கேட்பான்; நிறுத்தவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, மறுபடி வலப்பக்கம் திரும்பினாள்.