பாலன் குடிலுக்குக் கீழே றெயில்

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வந்து நான்கு வருடமாகியும் மக்டலீனோடு ஒருவரும் சண்டை பிடித்ததில்லை. அதுதான் அவளுக்கிருந்த கவலை.

மற்றப் பெண்கள் விடியற்காலையில் கிணற்றடியிலேயே தொடங்கிவிடுவார்கள். வாளி முந்திவிட்டது, கோழி வேலி தாண்டிவிட்டது, எது கிடைத்தாலும் போதும். 'எடி', 'போடி' என்று குரல்கள் தென்னை உயரத்துக்கு எழும். மத்தியானம் பார்த்தால் அதே வாய்கள் ஒரே சட்டிக் குழம்பைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். மக்டலீன் வாளியோடு வந்தால் மட்டும் பேச்சு மெத்தென்றாகிவிடும். வயதில் மூத்த லூர்த்தம்மாகூட, "நீங்கள் முதல் அள்ளுங்கோ பிள்ளை" என்று விலகி நிற்பாள். யுத்தத்தில் காங்கேசன்துறை வீட்டை விட்டுவிட்டுக் கணவன் தேவராசாவின் ஊருக்கு ஓடிவந்தவள் என்ற இரக்கம் அது. இரக்கத்துக்கும் ஒரு படலை உண்டு என்பதை மக்டலீன் அங்கேதான் கண்டாள். அது எந்நேரமும் மரியாதையாகச் சாத்தியே இருந்தது.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மார்கழி வந்தது. யுத்தம் நிற்கப் போகிறதாம், பேச்சுவார்த்தை நடக்கிறதாம் என்று ஆட்கள் கொஞ்சம் உரத்தே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த உற்சாகத்தில் கோயில் சுவாமியாரும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒழுங்கைகளுக்கிடையே பாலன் குடில் போட்டி வைப்பதாகப் பூசையில் அறிவித்தார்.

ஒழுங்கையில் வெறுமையாகக் கிடந்த வளவில் எல்லோரும் கூடினார்கள். குடில் வேலைக்கு வருடா வருடம் லூர்த்தம்மாதான் தலைவி.

"மலை, குளம், மாட்டுக்கொட்டில். மலையைச் சுத்தி ஒரு பட்டணம். வேறை என்ன?" என்றாள்.

"பட்டணத்துக்குக் கீழாலை றெயில் விடுவம்."

சொன்னது தன் வாய்தான் என்று மக்டலீனுக்குத் தெரிய ஒரு கணம் பிடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விழுங்கி விழுங்கிச் சொன்னாள். பாரிசில் இருக்கும் தம்பி அருட்பிரகாசம் கசற்றில் பேசி அனுப்பியிருந்தான். பட்டணம் பெருத்துப் பெருத்து மேலே இடமில்லையாம். நிலத்துக்குக் கீழே புதிதாக ஒரு றெயில்பாதை வெட்டுகிறார்களாம். அவனுக்கு அங்கேதான் மண் அள்ளுகிற வேலையாம்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கசற்றைக் கேட்ட நாள் முதல், நிலத்துக்குக் கீழே மனிதர்கள் குண்டுக்குப் பயந்து இறங்காமல், கடைக்கும் வேலைக்கும் கலியாண வீட்டுக்கும் போகவென்று இறங்குவதை அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். வாயில் அடக்கிய கற்கண்டு போல அது கரையாமல் இருந்தது.

பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். "மேலை ஓடின றெயிலையே நாலு வரியமாக் காணேல்லை. இவ கீழாலை விடப்போறா!"

"சும்மா இரும். பிள்ளை ஆசைப்படுறா, விடட்டும்" என்றாள் லூர்த்தம்மா.

அந்த 'விடட்டும்' மக்டலீனுக்குச் சுருக்கென்று தைத்தது. றெயில் ஓடாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. யாரும் ஏச மாட்டார்கள். 'பரவாயில்லைப் பிள்ளை' என்பார்கள். அந்தப் 'பரவாயில்லை'யை இன்னொரு தரம் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்தாள். றெயில் ஓடியே ஆகவேண்டும்.

வேலை தொடங்கியது. வளவின் நடுவே இடுப்பளவுக்கு மண் மேடு எழும்பியது. தேவராசாவும் நீக்கிலாப்பிள்ளையும் அதற்குள் சுரங்கம் வெட்டப் பொறுப்பெடுத்தார்கள். பாதை இடது பக்கத்தால் நுழைந்து வலது பக்கத்தால் வரவேண்டும், நடுவில் ஸ்டேசன், ஆட்கள் பார்க்க அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி என்று மக்டலீன் சொல்லிக் கொடுத்தாள். பிறகு றெயில் செய்ய வீட்டுக்குப் போய்விட்டாள். நிவாரணத்துக்கு வந்த ரின் மீன் தகரப் பேணிகள்தான் பெட்டிகள்.

"மீன் பிடிக்கிற ஒழுங்கையிலை ரின் மீன் பேணி! வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ" என்று கேலி செய்தார்கள் பெண்கள். சொன்னாலும், ஆளுக்கொரு பேணியை மறக்காமல் கழுவிக் கொண்டுவந்து தந்தார்கள். பழைய குடைக்கம்பிகள் தண்டவாளமாயின. மேலே பட்டணம் நாளுக்கு நாள் பெருத்தது. நெருப்புப்பெட்டி வீடுகள், பால்மாப் பெட்டி மாடிகள், யாரோ ஒட்டிய ஒரு சினிமாப் படமாளிகை. லூர்த்தம்மா வலது பக்கத்தில் சீமெந்து பூசிக் குளம் கட்டி, தண்ணீர் நிரப்பி, உயிர் மீனும் விட்டுவிட்டாள்.

நத்தாருக்கு முதல்நாள் காலை மக்டலீன் றெயிலோடு வந்தாள். தேவராசா அதை மூங்கில் தடியால் இடது வாசலுக்குள் தள்ளினான். பேணிகள் கடகடவென்று போயின. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முட்டு. பிறகு அசைவில்லை. வலது பக்கத்தில் வாசலே இல்லை.

மக்டலீன் குனிந்து கையை விட்டுத் தடவினாள். சுரங்கம் நடுவரை வந்து, 'ட' போல மடங்கி, மேட்டின் பின்பக்கத்தால் வெளியே போயிருந்தது.

"இதென்ன, மடக்கி வெட்டியிருக்கிறியள்?"

நீக்கிலாப்பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எந்தப் பங்கரைப் பிள்ளை நேரை வெட்டுறது? நேரை விட்டால் ஷெல் சன்னம் நேரை உள்ளுக்கு வருமெல்லே!"

தேவராசாவும் ஓம் என்று தலையாட்டினான். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஷெல்லுக்கு ஒளிய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டிக் கொடுத்த கைகள். கை தன் பாட்டில் வளைந்துவிட்டது.

முதலில் சிரித்தது மக்டலீன்தான். வயிற்றிலிருந்து பீறிய சிரிப்பு அவளை மண்ணில் இருத்திவிட்டது. "றெயிலுக்கு ஷெல் அடிக்கப் போறாங்களோ?" என்று கேட்க முயன்று, பாதியில் விட்டாள். வளவே சிரித்தது. சிரித்து முடிய, லூர்த்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லைப் பிள்ளை, றெயில் இல்லாட்டியும்..." என்று தொடங்கினாள்.

மக்டலீன் எழுந்துவிட்டாள். நேரே வெட்டலாமென்றால் குளம் இடிந்துவிடும். பின்னேரம் சுவாமியார் வருகிறார். அவள் மேட்டைச் சுற்றி நடந்தாள். பாரிசில் ஒரே றெயிலில் கடைசிவரை போக முடியாது, ஒரு மூலையில் இறங்கி மற்றதில் ஏறவேண்டும் என்று தம்பி சொன்னது நினைவு வந்தது.

"இரண்டு றெயில் விடுவம்! ஒண்டு மூலை மட்டும் வரட்டும். மற்றது மூலையிலையிருந்து பின்பக்கத்தாலை போகட்டும். மூலைதான் ஸ்டேசன். ஆக்கள் மாறி ஏறுவினம்."

"ஆர் ஏறுறது?" என்றான் தேவராசா.

மக்டலீன் குடிலில் வைக்கிற சுரூபப் பொம்மைகளைப் பார்த்தாள். இடையர்கள் பருமன். பாலனைப் பார்க்க வரும் மூன்று இராசாக்கள்தான் மீன் பேணிக்குக் கணக்காக இருந்தார்கள். ஒட்டகம் வெளியில் நின்றது.

பின்னேரம் சுவாமியார் வந்தார். நீக்கிலாப்பிள்ளை தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பெடலைச் சுழற்ற, டைனமோவில் ஸ்டேசன் விளக்கு எரிந்தது. தேவராசா தள்ள, இராசாக்கள் மூவரும் கண்ணாடிக்குள் வந்து நின்றார்கள். மேலேயிருந்த துவாரத்தால் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை இறங்கி, ஒவ்வொருவராகத் தூக்கி மற்ற றெயிலில் வைத்தது.

"அதார்?" என்றார் சுவாமியார்.

"ஸ்டேசன் மாஸ்டர், சுவாமி" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

பிறகு சைக்கிள் சில்லில் கொழுவிய தூண்டில் தங்கூசி நூல் சுற்றச் சுற்ற, அதில் கட்டிய இரண்டாவது றெயில் நகர்ந்தது. பின்பக்கத்தால் இராசாக்கள் வெயிலுக்குள் வந்தபோது வளவில் எழுந்த கூச்சலுக்குக் காகங்கள் பறந்தன. றெயிலையே கண்டிராத சின்னப்பிள்ளைகள் 'கூ... கூ...' என்று கத்தினார்கள். மக்டலீன் மண் படிந்த கையைத் துவாரத்திலிருந்து எடுக்க மறந்து, முழங்காலில் அப்படியே இருந்தாள். ஓடிவிட்டது.

சுவாமியாரும் கை தட்டினார். ஆனால் முதற்பரிசு தேவாலயத்தடி ஒழுங்கைக்குப் போய்விட்டது.

"றெயில் நல்ல வடிவு. ஆனால் பாலன் பிறக்க முன்னமே இராசாக்கள் வந்திட்டினம். அவையின்ரை திருநாள் வாற மாசம் தையிலைதானே. அது பெரிய பிழை" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

நீக்கிலாப்பிள்ளை பெடலிலிருந்து கையை எடுத்தார். மக்டலீன் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது வரும், அந்தப் 'பரவாயில்லை'.

"எடி மக்டலீன்!"

லூர்த்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உன்னை ஆரடி இராசாக்களை ஏத்தச் சொன்னது? ஆட்டை ஏத்தியிருக்கலாம், அந்தச் சிறகு வைச்ச மொட்டைச் சம்மனசை ஏத்தியிருக்கலாம்! கையிலை வந்த பரிசை, விசரி, றெயிலிலை ஏத்தி அனுப்பிப்போட்டாயேடி!"

மக்டலீன் கண்ணைத் திறந்தாள். நெஞ்சுக்குள் என்னவோ தடதடவென்று ஓடியது. எழுந்து, சேலை மண்ணைக்கூடத் தட்டாமல் ஓரடி முன்னுக்கு வந்தாள்.

"உங்களை ஆர் நடுவழியிலை குளம் கட்டச் சொன்னது? அது இல்லாட்டி நான் நேரை வெட்டுவிச்சிருப்பன்! ஒருத்தரும் மாறி ஏறத் தேவையில்லை, இராசாக்களும் தேவையில்லை!"

"என்ரை குளத்தையோ? என்ரை குளத்தையோடி சொல்லுறாய்?"

"ஓம், உங்கடை குளத்தைத்தான்! மீன் ஒண்டு அதுக்குள்ளை செத்தும் மிதக்குது, பாருங்கோ!"

"அது நித்திரையடி!"

பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று ஏச்சுகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நீக்கிலாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பெடலைச் சுழற்றினார். மக்டலீனின் குரல் அவளுக்கே புதிதாக, தென்னை உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது.