துப்பாத மிடறு

நிரஞ்சனி மிஸ் காட்டித் தந்தபடி பிரவீனா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். நாலந்தாவுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சுற்றுலா ஹோட்டலில் அவளைப் பாருக்கு மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பான்காரர்கள் கூட்டமாக வந்து தங்குவதால், அவர்கள் நாட்டு விஸ்கியைப் பற்றி ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மிஸ்ஸைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"இது ஒரே பீப்பாயில வந்தது இல்லை. கன விஸ்கியளைக் கலந்து செய்யிறது. ஒண்டு மற்றதை அமத்தக் கூடாது, அதுதான் கெட்டித்தனம்" என்றாள் மிஸ். "வாயில வச்சுப் பாத்திட்டுத் துப்பிப் போடுங்கோ. விழுங்க வேண்டாம்."

பிரவீனா மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தாள். குடி வாசம் என்றால் அவளுக்கு அப்பா முத்துவீரன்தான். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் வாந்தி, கிழிந்த சட்டை, அம்மாவின் வீங்கிய கன்னம். ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போன மனிதர். ஹோட்டலில் சாப்பாட்டு மேசை வேலை என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். பாருக்கு மாற்றியதைச் சொல்லவே இல்லை.

ஆனால் கிளாஸிலிருந்து வந்த வாசம் வேறாக இருந்தது. முதலில் தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் தோடம்பழத் தோல், அதற்குப் பின்னால் புதிதாய் அறுத்த பலகை. வாயில் வைத்ததும் நாக்கில் மெல்லச் சூடேறி இனித்தது. துப்பும் பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் விழுங்கினாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு மிடறு.

வீடு திரும்பும் பஸ்ஸில், பலாபத்வலயில் இறங்கும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் பேச்சுக் கொடுத்தபோதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடிக்காமல் போயிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

அம்மா சந்திரகாந்தா அடுப்படியிலிருந்தே மூக்கை உறிஞ்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சியா?"

"டிரெய்னிங்மா. பாருக்கு மாத்திட்டாங்க. ருசி பாக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

அம்மா திட்டவில்லை. அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்கப்பாகிட்ட கேக்கணும்னு கெடந்தேன். கேட்டா அடிதான் விழும்னு கேக்கவேயில்ல. அப்புடி என்னதான் புள்ள இருக்கு அதுல?"

தொண்டையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. தேன் என்று சொல்லலாம். தோடம்பழம் என்று சொல்லலாம். அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"வெறும் கசப்பும்மா" என்றாள் பிரவீனா. "துப்பிட்டேன்."

"கசப்பா? இந்தக் கசப்புக்கா அந்த மனுசன்..."

அம்மா கிட்டே வந்து அவள் தாடையைப் பிடித்தாள். பிடியில் கோபமில்லை.

"எங்க, ஊது பாப்போம்."

பிரவீனா உதடுகளை இறுக்கிக்கொண்டாள். அம்மா கண்ணை மூடி, முகத்தை நீட்டி, காத்துக்கொண்டு நின்றாள். பின்னால் பருப்பு பொங்கி வழிந்து தணலில் சுர்ரென்றது. இருவரும் அசையவில்லை.